மிஸ்டர் பர்ன்ஸ் பர்த்டே பார்ட்டில ரமோன்ஸ்: பங்க் பாடகர்கள் கார்ட்டூனுக்குள்ள வந்த கதை

கேள்வி இதுதான்: 'தி சிம ப்சன்ஸ்'ங்கற அமெரிக்க கார்ட்டூன் தொடர்ல ரமோன்ஸ்ங்கற பங்க் பேண்டு (பங்க்னா வேகமா, முரட்டுத்தனமா வாசிக்கற ராக்) வர்ற சீன் ஒரு நிமிஷம் கூட கிடையாது, அப்புறம் ஏன் இத்தன வருஷமா அதையே பேசிட்டிருக்காங்க, வேற பங்க் பாடகர்கள் யாராவது அனிமேஷன் காமெடில வந்திருக்காங்களா? ரெண்டாவது பாதிக்கு பதில் சுலபம், நிறைய பேர் வந்திருக்காங்க, கீழ சொல்றேன். முதல் பாதிதான் எனக்கு ரொம்ப புடிச்ச சமாச்சாரம், அதனால அதுல கொஞ்சம் நின்னு நிதானமாதான் போவேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அந்த சீன் பாக்காதவங்களுக்காக. சீசன் 5, நாலாவது எபிசோட், பேரு 'ரோஸ்பட்'. 1993 அக்டோபர் 21, வியாழக்கிழமை ராத்திரி ஃபாக்ஸ் சேனல்ல வந்துச்சு. எழுதினது ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர், டைரக்‌ஷன் வெஸ் ஆர்ச்சர். ஸ்ப்ரிங்ஃபீல்டு ஊர்லயே பெரிய பணக்காரன், அணுமின் நிலைய முதலாளி, கருமி, கொடுங்கோலன், எப்ப வேணா விழுந்துடுவான் போல இருக்கற கெழவன் மிஸ்டர் பர்ன்ஸ். அவனுக்கு பர்த்டே. சின்ன வயசுல தொலைச்ச கரடி பொம்மைய நெனச்சு உள்ளுக்குள்ள அழுதுட்டிருக்கான், அது யாருக்கும் தெரியாது. அவனோட விசுவாசமான அசிஸ்டென்ட் ஸ்மிதர்ஸ் தடபுடலா பார்ட்டி வைக்கறான். வாசல்ல முன்னாள் அமெரிக்க பிரசிடென்ட் ஜார்ஜ் புஷ் வந்து நிக்கறாரு, ஒரே ஒரு தடவ மட்டும் ஜெயிச்ச பிரசிடென்டுக்கெல்லாம் உள்ள எடமில்லனு திருப்பி அனுப்பிடறாங்க, வெளிய பாத்தா அதே காரணத்துக்காக ஜிம்மி கார்ட்டரும் நிக்கறாரு.

இந்த புஷ் ஜோக்குக்கு ஒரு பின்கதை இருக்கு. 1992 ஜனவரில அந்த மனுஷன் ஒரு மேடைல பேசும்போது, அமெரிக்க குடும்பங்கள் 'வால்டன்ஸ்'ங்கற டிவி தொடர்ல வர்ற குடும்பம் மாதிரி இருக்கணும், சிம்ப்சன்ஸ் மாதிரி இருக்கக் கூடாதுனு சொன்னாரு. அந்த வருஷம் நவம்பர்லயே எலக்‌ஷன்ல தோத்துட்டாரு. சிம்ப்சன்ஸ் ஆளுங்க மறக்கவே இல்ல, வாசல்ல நிக்க வச்சுட்டாங்க.

சரி, பார்ட்டிக்குள்ள போவோம். ஸ்மிதர்ஸ் அறிவிக்கறான், தெர விலகுது, லெதர் ஜாக்கெட் போட்ட நாலு பேர். முதல் வார்த்தையே, இந்த கச்சேரி படு மட்டம்னு சொல்லிட்டுதான் ஆரம்பிக்கறாங்க. அடுத்து மொத்த ஊரையும் ஒரு கெட்ட வார்த்தைல வாழ்த்தறாங்க. 'ஒன் டூ த்ரீ ஃபோர்'. அப்புறம் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச 'ஹாப்பி பர்த்டே' பாட்டு, ரமோன்ஸ் வேகத்துல, பர்ன்ஸ செல்லமா 'பர்ன்ஸி'னு கூப்பிட்டு, சில செகண்டுல முடிஞ்சுடுது. முடிச்ச கையோட, நரகத்துக்குப் போடா கெழட்டுப் பயலேனு பர்த்டே கொண்டாடறவனுக்கே ஒரு ஆசீர்வாதம். தெர மூடும்போது டிரம்மர் மார்கி சொல்றாரு, நம்மள இவங்களுக்குப் புடிச்சிருச்சுனு நெனக்கறேன்னு.

அதுக்கப்புறம்தான் அந்த வசனம். பர்ன்ஸ் திரும்பி ஸ்மிதர்ஸ் கிட்ட, அந்த ரோலிங் ஸ்டோன்ஸ் பசங்கள தீர்த்துக் கட்டுன்னு சொல்றான். சார், அவங்க ரோலிங் ஸ்டோன்ஸ் இல்லனு ஸ்மிதர்ஸ் திருத்தப் பாக்கறான், சொன்னத செய்னு ஒரே அதட்டல்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். எனக்குத் தோணறது, ஒரு பிரபலம் கார்ட்டூன்ல கெஸ்ட்டா வந்தா ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும். ஒண்ணு, ஷோ அவங்களுக்கு மால போடும், "அட நீங்களா!"னு ஹீரோ வாய பொளப்பான். இல்லன்னா அவங்க தங்கள தாங்களே லேசா கிண்டல் பண்ணிக்கிட்டு, பாருங்க நான் எவ்ளோ ஸ்போர்ட்டிவ்னு காட்டிட்டுப் போவாங்க. ரமோன்ஸ் சீன்ல ரெண்டும் நடக்கல. ஷோவும் அவங்கள மதிக்கல, அவங்களும் ஷோவ மதிக்கல. கூப்பிட்டவன திட்டறாங்க, கூப்பிட்டவன் அவங்க யாருன்னே தெரியாம வேற யாரையோ கொல்லச் சொல்றான். மரியாதைங்கறது அங்க ஒரு சொட்டு கூட இல்ல. பங்க்னா என்னனு கட்டுரை எழுதி விளக்கறத விட இந்த அரை நிமிஷம் நல்லா விளக்கிடும்.

அந்த ஸ்டோன்ஸ் ஜோக்குல இன்னொரு அடுக்கும் இருக்கு. 1976, 77ல பங்க் வந்தப்போ அந்தப் பசங்களோட பெரிய கோபமே ஸ்டோன்ஸ் மாதிரி ஸ்டேடியம் பேண்டுங்க மேலதான்: கோடீஸ்வரனுங்க, 10 நிமிஷம் கிட்டார் சோலோ வாசிக்கறவனுங்க, ரசிகன விட்டு ரொம்ப தூரம் போனவனுங்க. அவங்களுக்கு எதிரா வந்த பேண்டயே பர்ன்ஸ் அவங்கனு நெனச்சுக்கறான், ஏன்னா அந்தக் கெழவனுக்கு கிட்டார் புடிச்ச எல்லாரும் ஒண்ணுதான். ரமோன்ஸ் பண்ண தப்புக்கு ஸ்டோன்ஸுக்கு தண்டனை. அப்புறம் 2002 நவம்பர்ல ஸ்டோன்ஸோட மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் நேராவே சிம்ப்சன்ஸ்ல வந்தாங்க, ராக் ஸ்டார் ஆகணும்னு ஆசப்படறவங்களுக்கு கேம்ப் நடத்தற மாதிரி ஒரு எபிசோட், எல்விஸ் கோஸ்டெல்லோ, டாம் பெட்டி எல்லாம் கூட இருப்பாங்க. பாக்கலாம், ஆனா அது மால போடற வகைதான்.

இப்போ ஏன் ரமோன்ஸ் மட்டும் கார்ட்டூனுக்கு இவ்ளோ பொருந்தினாங்கங்கறதுக்கு வர்றேன். என் கருத்து, அவங்க ஏற்கனவே கார்ட்டூனாதான் இருந்தாங்க. 1974ல நியூயார்க் குயீன்ஸ் பகுதில ஃபாரஸ்ட் ஹில்ஸ்ல ஆரம்பிச்ச பேண்டு. யாரும் அண்ணன் தம்பி கிடையாது, ஆனா எல்லாருக்கும் ஒரே குடும்பப் பேரு. ஜோயி ரமோன் நெஜத்துல ஜெஃப்ரி ஹைமன், ஜானி ரமோன் ஜான் கம்மிங்ஸ், டீ டீ டக்ளஸ் கால்வின், முதல் டிரம்மர் டாமி ஹங்கேரில புடாபெஸ்ட்ல பொறந்த தாமாஷ் எர்டேலி. பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, பீட்டில்ஸ் ஆரம்ப காலத்துல பால் மெக்கார்ட்னி கொஞ்ச நாள் 'பால் ரமோன்'னு புனைப்பேரு வச்சிருந்தாரு, அதுலேர்ந்து. பங்க்கோட தாத்தானு சொல்ற பேண்டோட பேரே பீட்டில்ஸ் வீட்டுலேர்ந்து எடுத்தது, அது ஒரு வேடிக்கை.

டிரெஸ்ஸும் அப்படித்தான். கருப்பு லெதர் ஜாக்கெட், கிழிஞ்ச ஜீன்ஸ், டீ ஷர்ட், ஸ்னீக்கர்ஸ். 22 வருஷம் மாத்தவே இல்ல. கார்ட்டூன் கேரக்டர்தான் தெனமும் ஒரே துணில வரும், சிம்ப்சன்ஸ் வீட்டு அப்பா ஹோமர் வெள்ளச் சட்ட, மகன் பார்ட் ஆரஞ்சு டீ ஷர்ட், அதே கணக்கு. ஜோயி ஆறரை அடி ஒயரம், ஒல்லிக் குச்சி, முகத்த பாதி மூடற முடி, அதுக்கு மேல கலர் கண்ணாடி, மைக் ஸ்டாண்ட கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரு கால முன்னாடி வச்சு நிக்கற அந்த நிலை. நிழல மட்டும் வரைஞ்சு காட்டினா கூட யாருன்னு சொல்லிடலாம். கார்ட்டூன் டிசைன் சொல்லிக் குடுக்கறவங்க கேக்கற முதல் விஷயமே அதுதானே, உருவக்கோடு. சிம்ப்சன்ஸ் ஆளுங்க பொதுவா எல்லா கெஸ்டுக்கும் மஞ்சள் தோலும் முட்டக் கண்ணும் நாலு வெரலும் குடுத்து மாத்துவாங்க, ஜோயி விஷயத்துல அவங்களுக்கு வேலையே இல்லாம போயிருக்கும்னு தோணுது.

பாட்டும் அப்படித்தான். 1976 ஏப்ரல்ல வந்த முதல் ஆல்பம், 14 பாட்டு, மொத்தமே 29 நிமிஷம் சொச்சம். ரெக்கார்டிங் செலவு சுமார் 6,400 டாலர்தான், அந்தக் காலத்துல பெரிய பேண்டுங்க ஒரு ஆல்பத்துக்கு லட்சக்கணக்குல கொட்டினாங்க. ஜானி கிட்டார மேலேர்ந்து கீழ மட்டும்தான் அடிப்பாரு, மேல போற வீச்சே கிடையாது, அதுலதான் அந்த ரம்பம் அறுக்கற மாதிரி சத்தம். சோலோ கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி 'ஒன் டூ த்ரீ ஃபோர்'. இந்த அச்சுக்குள்ள எந்தப் பாட்டப் போட்டாலும் ரமோன்ஸ் பாட்டா வெளிய வரும், அதனாலதான் 'ஹாப்பி பர்த்டே' மாதிரி ஒலகத்துலயே தேஞ்சு போன மெட்ட குடுத்தும் கேட்ட ஒடனே அவங்கனு தெரியுது. இதயே 1995ல இன்னொரு தடவ பண்ணாங்க, பழைய கார்ட்டூன் பாட்டுங்கள ராக் பேண்டுங்க பாடின ஒரு தொகுப்பு ஆல்பத்துக்காக 1967 'ஸ்பைடர் மேன்' கார்ட்டூனோட டைட்டில் பாட்ட எடுத்துப் பாடினாங்க. கேளுங்க, அவங்களே எழுதின மாதிரி இருக்கும்.

இடைல ஒரு தகவல்: 1993ல 'ஹாப்பி பர்த்டே' பாட்டுக்கு காப்பிரைட் இருக்குனு வார்னர் சாப்பல் கம்பெனி சொல்லிட்டிருந்த காலம், டிவிலயோ சினிமாலயோ அத போட்டா ராயல்டி கேப்பாங்க. அதனாலதான் பழைய அமெரிக்க சினிமா நிறையதுல பர்த்டே சீன்ல வேற ஏதாவது பாட்டு பாடுவாங்க. 2015ல ஒரு கோர்ட்டு தீர்ப்புல அந்த உரிமை செல்லாதுனு ஆச்சு, அடுத்த வருஷம் 14 மில்லியன் டாலர் குடுத்து செட்டில் பண்ணாங்க.

சீன்ல இருக்கற நாலு பேர் யாருங்கறதும் முக்கியம். ஜோயி, ஜானி, மார்கி, சி.ஜே. டீ டீ இல்ல, அவர் 1989லயே வெளிய போயிட்டாரு, அந்த எடத்துக்கு வந்த பையன்தான் சி.ஜே., அதுக்கு முன்னாடி அமெரிக்க மரீன்ல இருந்தவரு. நடுவுல ஒரு சோகமும் இருக்கு: ஜோயியும் ஜானியும் அப்போ ஒருத்தரோட ஒருத்தர் பேசறதே கிடையாது. ஜோயியோட காதலியா இருந்தவங்க 80களோட ஆரம்பத்துல ஜானி கிட்ட போயி அப்புறம் அவரையே கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. அதுக்கு மேல அரசியல், ஜோயி இடது பக்கம், ஜானி பக்கா ரிபப்ளிகன், 2002ல ராக் பாடகர்கள கௌரவிக்கற ஹால் ஆஃப் ஃபேம் மேடைல நின்னு பிரசிடென்ட் புஷ்ஷ கடவுள் காக்கட்டும்னு சொன்ன ஆளு (இது மகன் புஷ்). இந்த நெலமைல ரெண்டு பேரும் ஒரே வேன்ல வருஷத்துக்கு நூத்துக்கும் மேல கச்சேரி சுத்தினாங்க, மொத்தம் 2,263 கச்சேரி, கடைசி 1996 ஆகஸ்ட் 6, லாஸ் ஏஞ்சலஸ்ல. அந்த சலிப்பு நெஜமாவே இருந்ததாலயோ என்னவோ, 'இந்த கச்சேரி படு மட்டம்'னு சொல்ற குரல்ல நடிப்பே தெரியல.

அவங்கள புடிச்சு கொண்டு வந்ததுல கஷ்டமே இருந்திருக்காது. அந்த சீசன்ல ஷோவ நடத்த புதுசா வந்த டேவிட் மிர்கின், ரமோன்ஸ் வெறித்தனமான சிம்ப்சன்ஸ் ரசிகர்கள்னு பின்னாடி சொல்லிருக்காரு. மார்கி இத தன்னோட கரியர்லயே ஒரு உச்சம்னு சொல்லிருக்காரு. மிகைப்படுத்தறாருனு நெனக்காதீங்க. அமெரிக்காவுல ரமோன்ஸோட ஒரு பாட்டு கூட டாப் 40 உள்ள போனதில்ல, அதிகபட்சம் 66வது எடம். அந்த முதல் ஆல்பம் 5 லட்சம் காப்பி தாண்டி கோல்டு வாங்கினது 2014ல, வெளிவந்து 38 வருஷம் கழிச்சு. முதல் ஆல்பத்துல இருந்த நாலு பேர்ல ஜோயி 2001ல, டீ டீ 2002ல, ஜானி 2004ல போயாச்சு, டாமி மட்டும் இருந்தாரு, அவரும் அதே 2014 ஜூலைல போயிட்டாரு. ஒரு ஆல்பத்துக்கு 5 லட்சம் பேர் சேர 38 வருஷம் ஆன பேண்டு, ஒரு வியாழக்கிழமை ராத்திரி அத விட பல மடங்கு வீடுகளுக்குள்ள புகுந்து எல்லாரையும் திட்டிட்டு வெளிய வந்துச்சு. உச்சம்னு சொல்லாம வேற என்ன சொல்லுவாரு.

சிம்ப்சன்ஸ் பக்கத்துலேர்ந்தும் இது தற்செயல் இல்ல. சிம்ப்சன்ஸ உருவாக்கின மாட் க்ரோனிங் 1977ல லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தாரு, பங்க் சூடு பறந்த நேரம். அந்த ஊர் மேல இருந்த வெறுப்ப 'லைஃப் இன் ஹெல்'னு முயல் காமிக்ஸா வரைஞ்சு, ஜெராக்ஸ் போட்டு, தான் வேல பாத்த லைக்கரிஷ் பிட்சாங்கற ரெக்கார்டு கடைலயே வித்தாரு, அதுவும் பங்க் செக்‌ஷன்ல வச்சு. அப்புறம் 'எல்.ஏ. ரீடர்' வாரப் பத்திரிகைல காமிக்ஸும் வந்துச்சு, மியூசிக் பத்தி எழுதற வேலையும் பாத்தாரு. சிம்ப்சன்ஸ் டைட்டில் மியூசிக் போட்ட டேனி எல்ஃப்மன் யாரு, அதே ஊர்ல 'ஓயிங்கோ போயிங்கோ'னு நியூ வேவ் பேண்டு வச்சிருந்தவரு. ஜெராக்ஸ் போட்ட காமிக்ஸுக்கும் 6,400 டாலர் ஆல்பத்துக்கும் புத்தி ஒண்ணுதான், கைல இருக்கறத வச்சு இன்னைக்கே பண்ணு, யார் அனுமதியும் கேக்காத. பல வருஷம் கழிச்சு, 2010ல இங்கிலாந்துல ஒரு மியூசிக் ஃபெஸ்டிவலுக்கு பேண்டுங்கள தேர்ந்தெடுக்கற பொறுப்பு க்ரோனிங்குக்கு குடுத்தப்போ அவர் கூப்பிட்ட ஆளுங்கள்ல இக்கி அண்ட் த ஸ்டூஜஸும் உண்டு, பங்க்குக்கு முன்னாடியே பங்க் பண்ணவங்க.

அதே காலத்து மத்த கெஸ்டுங்கள பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் நல்லா தெரியும். ரோஸ்பட்டுக்கு மூணே வாரம் முன்னாடி பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் வந்தாரு, பீட்டில்ஸ் பண்ண மாதிரியே ஹோமர் பேண்டு பண்ற மொட்ட மாடிக் கச்சேரிய பாத்து, இதெல்லாம் ஏற்கனவே பண்ணியாச்சுனு அலுத்துக்கறதோட சரி. அழகான ஜோக், ஆனா பூஜை அறைல நின்னு அடிக்கற ஜோக். 1993 மே மாசம் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ்ங்கற ராக் பேண்டு வந்தாங்க, பாட்டுல ஒரு வரி ஆபாசமா இருக்கு, டிவிக்கு ஆகாது மாத்திக்கறீங்களானு தொடர்ல டிவி ஷோ நடத்தற கோமாளி க்ரஸ்டி தயங்கித் தயங்கி கேக்கறான், அவங்க சண்டைக்கு வருவாங்கனு நாம பாத்துட்டிருக்க, அட இது இன்னும் நல்லாருக்கே, எல்லாரும் ரசிக்கலாமேனு ஒடனே ஒத்துக்கறாங்க. ரௌடினு நெனச்சவன் சாது, அதான் ஜோக். ரமோன்ஸ் கிட்ட அந்தத் திருப்பமே தேவப்படல. ரௌடினு நெனச்சாங்க, ரௌடியாவே வந்தாங்க, ரௌடியாவே போனாங்க.

இப்போ மத்த பங்க் ஆளுங்க.

க்ரீன் டேங்கற பேண்டுதான் அடுத்த பெரிய உதாரணம், 2007ல வந்த சிம்ப்சன்ஸ் சினிமாவோட ஆரம்பத்துல. (க்ரீன் டே பங்க்கா இல்லயாங்கற சண்டைக்கு நான் வரல. 1994ல 'டூக்கி' ஆல்பம் பெரிய கம்பெனில வந்தப்போவே பெர்க்லில இருக்கற கில்மன் ஸ்ட்ரீட் பங்க் கிளப்ல அவங்களுக்கு கதவ சாத்திட்டாங்க, அந்த பஞ்சாயத்து அங்கயே கெடக்கட்டும்.) ஸ்ப்ரிங்ஃபீல்டு ஏரில ஒரு மிதவை மேல கச்சேரி. மூணரை மணி நேரம் வாசிச்சாச்சு, இப்போ சுற்றுச்சூழல் பத்தி ஒரே ஒரு நிமிஷம் பேசணும்னு பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் சொல்றாரு. கூட்டம் கப்சிப். அப்புறம் கைல கெடச்சத எல்லாம் எடுத்து எறியறாங்க. ஏரித் தண்ணில அவ்ளோ விஷம், மிதவையே அரிச்சு முழுகுது, பேண்டு கிட்டார போட்டுட்டு வயலின எடுத்து டைட்டானிக் கப்பல்ல நடந்த மாதிரி கம்பீரமா வாசிச்சுக்கிட்டே உள்ள போகுது. அடுத்த சீன்ல சர்ச்சுல இரங்கல் கூட்டம், ஆர்கன்ல வாசிக்கறது அவங்களோட 'அமெரிக்கன் இடியட்', சாவு வீட்டு வேகத்துல.

இது எனக்கு ரொம்ப புடிக்கும், ஏன்னா ஜோக் ரெண்டு பக்கமும் அடிக்குது. பாட்டுக்காரன் உபதேசம் பண்ணா எவனுக்கும் புடிக்காதுங்கறது ஒரு அடி, ஆனா அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி, அந்த ஏரியே அவங்கள தின்னுடுச்சுங்கறது இன்னொரு அடி. படத்தோட மொத்தக் கதையும் அந்த ஏரி மாசுல தான் கெளம்புது. ரமோன்ஸ் அளவுக்கு சுத்தமான அவமரியாதை இல்லனாலும் பேண்டயே கொன்னுட்டாங்க, அதுக்கு மார்க் குடுக்கணும். சிம்ப்சன்ஸ் டைட்டில் மியூசிக்க க்ரீன் டே தங்கள் ஸ்டைல்ல வாசிச்சு தனி பாட்டாவும் அந்த வருஷம் விட்டாங்க.

அதுக்கு 10 வருஷம் முன்னாடியே, 1997ல, 'கிங் ஆஃப் த ஹில்' தொடர்ல க்ரீன் டே குரல் குடுத்திருக்காங்க, இது நிறைய பேருக்கு தெரியாது. அங்க அவங்க க்ரீன் டேயா வரல. டெக்சாஸ்ல ஹாங்க் ஹில் வீட்டுப் பக்கத்துல காராஜ்ல காதக் கிழிக்கற மாதிரி வாசிச்சுத் தொலைக்கற டீனேஜ் பசங்களா வர்றாங்க. அந்தப் பசங்களுக்கும் ஹாங்க் கோஷ்டிக்கும் பெயின்ட்பால் சண்டையே நடக்குது. அப்போ உலகம் பூரா பேர் வாங்கியிருந்த பேண்டு, தெருவுல யாருக்கும் புடிக்காத பசங்களா நடிச்சது நல்ல குசும்பு.

க்ளென் டான்சிக்க விட முடியாது. 1977ல நியூ ஜெர்சி லோடில ஆரம்பிச்ச மிஸ்ஃபிட்ஸோட பாடகர், பேய்ப் படத்தையும் பங்க்கையும் கலந்தவரு, அப்புறம் தன் பேர்லயே மெட்டல் பேண்டு வச்சாரு. 2002 டிசம்பர் கடைசில 'அக்வா டீன் ஹங்கர் ஃபோர்ஸ்' தொடர்ல கிறிஸ்துமஸ் பேய் ரோபோ வர்ற எபிசோட்ல அவரா அவரே வந்தாரு. தொடர்ல பக்கத்து வீட்டுக்காரனா வர்ற கார்ல்ங்கறவனோட வீடு பூரா ரத்தம், நீச்சல் குளத்துலயும் ரத்தம், எவன் வாங்குவான் இந்த வீட்ட? டான்சிக் வாங்குவாரு. அவருக்கு அதுதான் வசதியே. அவரோட இமேஜ ஒரு துளி கூட மாத்தாம, அப்படியே நெஜம்னு எடுத்துக்கிட்டு, சரி இந்த ஆள் வீடு வாங்கப் போனா என்ன பாப்பாருனு யோசிச்சிருக்காங்க. வீட்டு புரோக்கர் வேலைக்குள்ள சாத்தான கொண்டு வந்து விட்டது அபாரம். என் லிஸ்ட்ல ரமோன்ஸுக்கு அடுத்த எடம் இதுக்குத்தான், க்ரீன் டே மூணாவது.

சவுத் பார்க்ல 1998ல 'செஃப் எய்ட்'னு ஒரு எபிசோட், கூடவே ஒரு ஆல்பம். அந்த ஆல்பத்துல த கிளாஷ் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் ஒரு பாட்டு பாடிருக்காரு, ரான்சிட்ங்கற பங்க் பேண்டும் உண்டு. கிளாஷ் மாதிரி அரசியல் பேண்டுலேர்ந்து வந்தவரு நாலு காகிதப் பசங்களோட கார்ட்டூனுக்கு பாடினதுல எனக்கு ஆச்சரியம் இல்ல, சவுத் பார்க் முதல் எபிசோட் காகிதத்த வெட்டி ஒட்டிப் பண்ணதுதான், அதுவும் அந்த ஜெராக்ஸ் புத்திதான்.

மேல சொன்ன ஸ்டூஜஸோட பாடகர் இக்கி பாப் விஷயம் கொஞ்சம் வேற. அவர் கெஸ்ட் இல்ல, நெஜமாவே குரல் நடிகரா வேல பாத்தாரு. 2007ல காமெடி சென்ட்ரல்ல வந்த 'லில் புஷ்'ங்கற அரசியல் கார்ட்டூன்ல, சின்னப் பையனா இருக்கற டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டுக்கு குரல் இக்கி பாப். மேடைல சட்டையே போடாம கண்ணாடிச் சில்லுல உருண்டவரு, பாதுகாப்பு மந்திரிக்கு குரல் குடுக்கறாரு. அந்தத் தொடர உருவாக்கின டானிக் கேரி ஏற்கனவே சிம்ப்சன்ஸ்ல எழுதினவருதான். தொடர் சுமார் ரகம், ரெண்டு சீசன்ல முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி 1998 'ரக்ராட்ஸ்' சினிமால ஆஸ்பத்திரில அப்பதான் பொறந்த கொழந்தைங்க எல்லாம் சேந்து பாடற பாட்டுல இக்கியும் பங்க் பாடகி பேட்டி ஸ்மித்தும் ஆளுக்கொரு கொழந்தைக்கு குரல் குடுத்திருக்காங்க. பங்க்கோட பெரிய தலைங்க ரெண்டு பேரும் டயபர் கட்டின கொழந்தைங்களா. தேடிக் கேளுங்க.

ப்ளிங்க்-182ங்கற பேண்டு 2003ல ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக்கோட சிம்ப்சன்ஸ்ல வந்தாங்க, வந்தாங்கங்கறத தவிர சொல்ல ஒண்ணும் இல்ல. சோனிக் யூத்ங்கற ராக் பேண்ட பங்க்னு சேக்கலாமாங்கறது உங்க இஷ்டம், 1996 சிம்ப்சன்ஸ் எபிசோட் 'ஹோமர்பலூசா'ல அவங்க வர்ற பகுதில ராக் கிட்டார்காரர் பீட்டர் ஃப்ராம்ப்டனோட ஐஸ் பெட்டிய நோண்டி திட்டு வாங்கறாங்க, கடைசில டைட்டில் மியூசிக்க அவங்க இரைச்சல் பாணில வாசிச்சது இன்னும் நல்லாருக்கும். பிளாக் ஃபிளாக்ங்கற பங்க் பேண்டோட பாடகரா இருந்த ஹென்ரி ராலின்ஸ் 'பேட்மேன் பியாண்ட்'ல மேட் ஸ்டான்னு எல்லாத்தையும் வெடி வச்சுத் தகர்க்கற ஆளா வருவாரு, அது காமெடித் தொடர் இல்ல, ஆனா அவர் கத்தற கத்து காமெடிதான்.

ஆளே வராம பங்க் வந்த எபிசோடும் ஒண்ணு இருக்கு. 2008 பிப்ரவரில செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கற பங்க் பேண்டோட சிட் விஷஸ், அவரோட காதலி நான்சி கதைய சிம்ப்சன்ஸ் எடுத்துப் பண்ணாங்க, நெல்சன் சிட், லிசா நான்சி, ஹெராயினுக்கு பதிலா சாக்லேட். யோசன நல்லாத்தான் இருக்கு, ஆனா 30 வருஷம் கழிச்சு வந்த அந்தப் பகடில பங்க் ஒரு மாறுவேஷப் போட்டி டிரெஸ் மாதிரி ஆயிடுச்சு, ஊசி முடி, பின்னு, எச்சி துப்பறது. சிரிப்பு வருது, ஆனா யாரும் யாரையும் திட்டற மாதிரி இல்ல, எல்லாமே நினைவஞ்சலி மாதிரி இருக்கு. 1993ல அந்த பேண்டு உயிரோட, சலிச்சுப் போயி, இன்னும் ரோட்டுல சுத்திட்டிருந்துச்சுங்கறதுதான் ரோஸ்பட்டுக்கு கெடச்ச அதிர்ஷ்டம்.

பாக்கணும்னு தோணுச்சுன்னா ரமோன்ஸ் கிளிப்ப மட்டும் வெட்டிப் பாக்காதீங்க, முழு எபிசோடயும் பாருங்க. அந்த கரடி பொம்மை 1927ல லிண்ட்பெர்க் விமானத்துல ஏறி, ஹிட்லர் பதுங்குகுழி வரைக்கும் போயி, வட துருவத்துல ஐஸ் கட்டிக்குள்ள மாட்டி, கடைசில அப்பு கடைல ஐஸ் பையோட வந்து ஹோமரோட கைக்கொழந்தை மேகி கைல சேர்ற கதை தனி விருந்து. பார்ட்டில ரமோன்ஸுக்கு அப்புறம் ஹோமர் மேடை ஏறி பர்ன்ஸ் மாதிரியே நடிச்சுக் காட்டி வாங்கிக் கட்டிக்கறதும் அங்கதான்.